காதுக்குள் ஒரு சின்ன ரேடியோ: வன்னியில் புளூடூத் பழகுவோருக்கு

எனக்குக் கிளிநொச்சியில் வேலை, மாங்குளத்துக்குக் கிட்ட வீடு. ஒவ்வொரு நாளும் ஏ9 வீதியில் பஸ்ஸில் போய் வருகிறவன் என்பதால் காதில் எப்போதும் ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்தே ஊர் எனக்கு ஒரு உபதொழில் தந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து யாராவது புளூடூத் சாமான் அனுப்பினால் அந்தப் பெட்டி முதலில் எங்கள் விறாந்தைக்குத்தான் வரும். "தம்பி, இதை ஒருக்கா போனில போட்டுத் தாங்கோ." போட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம் காணும். அடுத்த கிழமை அதே ஆள் அதே பெட்டியோடு திரும்பி வருவார். "இது வேலை செய்யுதில்லை." எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது. மகனுடைய போனோடோ பக்கத்து வீட்டு ரிவியோடோ அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் பழக வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் காதில் இருப்பது இப்போது யாரோடு கதைத்துக்கொண்டிருக்கிறது?

இது என்ன சாமான்?

புளூடூத் என்பது குறுகிய தூரத்துக்கு மட்டும் வேலை செய்யும் ரேடியோ. போன் பாட்டை 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்து அலைகளில் அனுப்புகிறது, காதில் இருப்பது வாங்கிக்கொள்கிறது. வைஃபையும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, புளூடூத் 79 சின்ன வழிகளுக்குள் விநாடிக்கு 1600 தடவை இடம் மாறித் தாவுகிறது. எந்த வழிக்கு எப்போது தாவுவது என்று சோடி சேர்ந்த இரண்டுக்கும் மட்டும் தெரியும். கிளிநொச்சி நகருக்குள் ஒரு கட்டடத்தில் பத்து வைஃபை இருந்தாலும் பாட்டு ஓடுவது இதனால்தான்.

இதற்கு டேட்டா போகாது. இதை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. யூடியூப்பில் பாட்டுக் கேட்டால் யூடியூப்புக்குத்தான் டேட்டா போகும். போனிலிருந்து காதுக்கு வருகிற பத்து மீட்டரும் இலவசம்.

பத்து மீட்டர் எவ்வளவு என்பதை முறிகண்டியில் பார்க்கலாம். பஸ் நிற்கும், போனைப் பையோடு சீட்டில் விட்டுவிட்டு இறங்குவீர்கள், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்க நடப்பீர்கள். கச்சான்காரியிடம் காசு கொடுப்பதற்கு முன்னமே பாட்டு அறுந்துவிடும். அங்கே போனைச் சீட்டில் விட்டுப் போவது வேறு காரணங்களுக்காகவும் நல்லதில்லை.

பெயரைப் பற்றியும் கேட்பார்கள். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனுக்கு நீலப்பல்லன் என்று ஒரு பட்டப்பெயர். போன் திரையில் பின்னிய கயிறு போலத் தெரியும் குறி, அவனுடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் அந்த நாட்டுப் பழைய எழுத்தில் ஒன்றாகச் சேர்த்தது. அந்தக் குறியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், இனி அடிக்கடி தேட வேண்டி வரும்.

எதை வாங்குவது?

எல்லாரும் கேட்பது இரண்டு காதுக்கும் தனித்தனியாக வரும் இயர்பட்ஸ். வடிவாகத்தான் இருக்கும். ஆனால் முதல்முறை வாங்குகிறவர், அதுவும் வயலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓடித் திரிகிறவர், கழுத்தில் தொங்கும் நெக்பாண்ட் வாங்குவதே நல்லது என்பது என் எண்ணம். காதிலிருந்து கழன்றால் கழுத்தில் நிற்கும். வரம்பில் நடக்கும்போது சேற்றுக்குள் விழுந்த ஒற்றை இயர்பட்டைத் தேடிய ஆட்களுக்கு இதன் அருமை தெரியும். பற்றரியும் பெரிது, ஒருமுறை ஏற்றினால் நாள் முழுக்க ஓடும். எல்லாவற்றையும்விட, அதில் அமத்துகிற மாதிரிப் பட்டன் இருக்கிறது. இயர்பட்ஸில் தொட்டால் ஒன்று, இரண்டு தரம் தட்டினால் இன்னொன்று என்று இருக்கும். தலைமுடியை ஒதுக்கப் போய் அழைப்பைத் துண்டித்தவர்கள் எங்கள் ஊரில் பலர்.

பெட்டியில் ஐபி என்று தொடங்கும் ஒரு குறி இருக்கும், அதைப் பாருங்கள். ஐபிக்குப் பிறகு வரும் முதல் இடம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், தூசிக்கு மதிப்பெண் எதுவும் தரப்படவில்லை என்று அர்த்தம். ஐபி54 என்றால் தூசியும் ஓரளவுக்குத் தாங்கும். சோளகக் காற்றில் கிறவல் றோட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதை ஏன் சொல்கிறேன் என்று விளங்கும்.

பழைய வயர் ஹெட்செட்டையும் எறிந்துவிடாதீர்கள். போனில் எஃப்எம் ரேடியோ இருந்தால் அந்த வயர்தான் அதற்கு அன்ரனா. வயர் இல்லாமல் புளூடூத்தை மட்டும் மாட்டிக்கொண்டு எஃப்எம்மைத் திறந்தால், ஹெட்செட்டைச் செருகு என்றுதான் போன் சொல்லும். யுத்தத்தில் சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட தலைமுறைக்கு, ரேடியோ கேட்க ஒரு வயர் செருகுவது பெரிய வேலையாகப் படாது.

சோடி சேர்ப்பது

முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பாதிச் சார்ஜில் தொடங்கினால் நடுவில் நின்றுபோய், பழுதோ என்று பயம் வரும்.

பிறகு அதைச் சோடி தேடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். சும்மா ஒன் செய்தால் அது தன் பழைய சோடியைத்தான் தேடும். நெக்பாண்ட் என்றால் நிறுத்திய நிலையில் பட்டனை அமத்திப் பிடியுங்கள். லைட் எரிந்தவுடன் கையை எடுக்காமல், அது வேகமாக மின்னத் தொடங்கும் வரைக்கும் பிடிக்க வேண்டும். பலவற்றில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும். இயர்பட்ஸ் என்றால் பெட்டியைத் திறந்தவுடன் தானாகத் தேடத் தொடங்கும், அல்லது பெட்டியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும்.

இப்போது போனில் செற்றிங்ஸுக்குள் போய் புளூடூத்தைத் திறந்து, "புதிய சாதனத்தை இணை" என்பதைத் தொடுங்கள். ஆங்கிலத்தில் வைத்திருப்பவர்களுக்கு "பெயார் நியூ டிவைஸ்" என்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் பெயர் வரும். பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்தானா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள், ஏனென்றால் பஸ்ஸுக்குள் இருந்து செய்தால் ஏழெட்டுப் பெயர் வரும். பழைய சாமான் சில இலக்கம் கேட்கும்; 0000 அல்லது 1234 போட்டுப் பாருங்கள். தொடர்பு விபரங்களைப் பார்க்கலாமா என்று போன் கேட்டால், காதுக்கு மாட்டும் சாமானுக்கு அது கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றாலும் பாட்டு வரும்.

இவ்வளவும் ஒரு தடவைதான். அடுத்த நாள் ஒன் செய்தால் தானாக வந்து ஒட்டும். சோடி சேர்ப்பது கலியாண எழுத்து மாதிரி, ஒருமுறை எழுதினால் போதும். இணைவது ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வருவது மாதிரி. எழுத்து இருந்தும் ஆள் வேறு வீட்டில் நிற்கலாம். முன்பு பாவித்த போன் பக்கத்தில் புளூடூத் ஒன்னில் இருந்தால் உங்கள் இயர்பட்ஸ் அதனிடம் போய்விடும். அந்தப் போனில் புளூடூத்தை நிறுத்துங்கள், உங்கள் போனில் பெயரைத் தொடுங்கள், வந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு போனோடு நிற்கும் வகைகளும் உண்டு. வசதிதான், ஆனால் புதியவர்கள் அந்த வசதியை ஆரம்பத்தில் நிறுத்தி வைப்பது நல்லது. மகள் தன் போனில் விளையாட, உங்கள் காதில் குண்டு வெடிக்கும்.

ஒன்றுக்கும் மசியாவிட்டால் போனில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டு, "மறந்துவிடு" கொடுத்து, முதலிலிருந்து சோடி சேருங்கள். என் விறாந்தைக்கு வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதோடு முடிந்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் மட்டும் பெட்டிக்குள் வந்த சின்னக் கடதாசியில் றீசெற் செய்யும் முறையைப் பாருங்கள். அந்தக் கடதாசியை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலிவான ஸ்பீக்கர்கள் பலவற்றுக்குப் பூட்டு இல்லை, முதலில் வந்து தொட்டவரோடு போய்விடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மம்மா விடியற்காலையில் ஸ்பீக்கரில் தேவாரம் போடுவார். ஒருநாள் அவருடைய போன் சார்ஜ் இறங்கி நின்றுவிட்டது, ஸ்பீக்கர் மட்டும் ஒன்னில் இருந்தது. வேலிக்கு அங்கால் இருந்த பெடியனின் போன், முன்பு ஒருநாள் சோடி சேர்த்த ஞாபகத்தில், தானாக அதில் ஏறிவிட்டது. சாமியறைக்குள்ளிருந்து குத்துப்பாட்டு. அம்மம்மா அரை நாள் பெடியனோடு கதைக்கவில்லை. பாவிக்காத நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள், அவ்வளவுதான்.

கதைக்கும்போது

பாட்டு நல்லாக் கேட்கிறது, ஆனால் அழைப்பு வந்தால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது என்பார்கள். பழுதில்லை. பாட்டு ஒரு பக்கம்தான் போகிறது. கதைக்கும்போது உங்கள் குரலும் திரும்பிப் போக வேண்டும், அதே ஒடுங்கிய பாதையில். அதனால் புளூடூத் வேறு முறைக்கு மாறுகிறது. பாட்டுக்கு விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படும் ஒலி, கதைக்கும்போது 8,000 அல்லது 16,000 தடவையாகக் குறைகிறது. எல்ஈ ஓடியோ என்ற புதிய முறை இதைத் திருத்துகிறது. ஆனால் போனிலும் காதிலும் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

மடிக்கணினியில் சூம் வகுப்புப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய தொல்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது: சூமின் ஒலி அமைப்பில் ஸ்பீக்கராக இயர்பட்ஸையும், மைக்காகக் கணினியின் சொந்த மைக்கையும் தெரிவு செய்யுங்கள். ஆசிரியரின் குரல் பழையபடி தெளிவாகும்.

இன்னொரு சந்தேகம் வன்னிக்கே உரியது. கனடாவோடு வட்ஸ்அப்பில் கதைக்கும்போது குரல் வெட்டி வெட்டி வருகிறது. குற்றம் புளூடூத்திலா, போன் கம்பனியின் கோபுரத்திலா? இயர்பட்ஸைக் கழற்றாமல், போனுக்குள் சேமித்து வைத்த ஒரு பாட்டைப் போடுங்கள். பாட்டு வெட்டாமல் ஓடினால் புளூடூத் சரி, கவரேஜ்தான் இல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் காட்டுக்குள் இருந்துகொண்டு புது இயர்பட்ஸ் வாங்கி ஒரு பயனும் இல்லை. கொஞ்சம் வெளிக்கு வந்து நின்று கதையுங்கள். சேமித்த பாட்டும் வெட்டினால் போன் இருக்கும் இடத்தைப் பாருங்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், இந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும். பின் பொக்கற்றில் போனை வைத்து அதன் மேல் இருந்தால் அலை உங்களைத் தாண்டி வர வேண்டும். காலைப் பஸ்ஸில் நசிபட்டு நிற்கும்போது சேட் பொக்கற்றுக்கு மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

படம் பார்க்கும்போது வாய் ஒரு நேரமும் சத்தம் ஒரு நேரமும் வந்தால், அது ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிக்க எடுக்கும் நேரம். யூடியூப் போன்றவை படத்தையும் கொஞ்சம் பிந்தவிட்டுச் சமாளிக்கும். விளையாட்டுகளில் அது முடியாது. அதற்கு வயர்தான் நல்லது.

வீதியில்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப் போகிறேன். நடந்தாலும், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போனாலும், ஒரு காதைத் திறந்து வையுங்கள். 2013இல் ரயில் மறுபடி கிளிநொச்சி வரை ஓடத் தொடங்கியதிலிருந்து பாதுகாப்பற்ற கடவைகள் எங்களுடைய அன்றாடக் கவலை. காவலாளி இல்லாத கடவையில் உங்களைக் காப்பாற்ற இருப்பது கண்ணும் காதும்தான். பற்றை வளர்ந்த இடத்தில் கண்ணும் உதவாது. கடவைக்கு வருமுன் இரண்டு காதிலும் இருப்பதைக் கழற்றுங்கள். வெளிச்சத்தம் அடக்கும் வசதி உள்ள இயர்பட்ஸ் என்றால் வீதியில் அந்த வசதியை நிறுத்துங்கள். அது பஸ்ஸுக்குள் இருக்கும்போது மட்டும் பாவிக்க நல்ல சாமான்.

இரவில் வயலில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கிறவர்களுக்கும் இதேதான். கொட்டிலுக்குள் நித்திரை வராமல் பாட்டுக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அதைச் சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக வைத்துக் கேளுங்கள். கொப்பு முறிகிற சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது கதைக்கலாமா என்று கேட்காதீர்கள். அறுபதில் போனாலே மைக்குக்குள் காற்றுத்தான் போகும், மற்றப் பக்கத்து ஆளுக்கு ஒன்றும் விளங்காது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

பழைய வான், காரில் புளூடூத் இல்லையென்றால் எஃப்எம் ட்ரான்ஸ்மிற்றர் என்று ஒன்று விற்கிறது. சிகரெட் பற்றவைக்கும் துளைக்குள் செருக வேண்டும். அது போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, 87.5 முதல் 108 வரைக்குள் நீங்கள் சொல்லும் ஓர் இடத்தில் எஃப்எம்மாக விடும். வானின் ரேடியோவை அதே இடத்துக்குத் திருப்பினால் போதும். எந்த நிலையமும் இல்லாத வெறும் இரைச்சல் வரும் இடமாகப் பார்த்து எடுங்கள். வவுனியாவில் வெறுமையாக இருந்த இடத்தில் பரந்தன் தாண்டும்போது யாராவது கதைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது வானை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

வெயில், மழை, வியர்வை

பற்றரிக்கு எதிரி வெயில். வானின் முன்கண்ணாடிக்குக் கீழே இயர்பட்ஸ் பெட்டியை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். சூடாக இருக்கும்போது சார்ஜும் ஏற்றாதீர்கள், நிழலில் ஆறவிட்டு ஏற்றுங்கள். மாரியில் நனைந்தால் இன்னொரு விஷயம் உண்டு: காதில் மாட்டுவதுதான் தண்ணீரைத் தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், பெட்டி பெரும்பாலும் தாங்காது. ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் சார்ஜ் ஏறும் சின்னப் பித்தளை முனைகளில் பச்சை பிடிக்கும். வியர்வைக்கும் அதே கதை. முல்லைத்தீவுப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் உப்பை ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று கொண்டுவருவதில் பலவற்றை நான் பஞ்சுக்குச்சியால் அந்த முனையைத் துடைத்தே திருத்தியிருக்கிறேன்.

சத்தமும் காதும்

பஸ்ஸில் சாரதி ஒரு பாட்டுப் போடுவார், அதை அடக்க நீங்கள் உங்கள் பாட்டைக் கூட்டுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் சத்தம் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம். அதைவிடக் கூட்டக் கூட்ட நேரம் வேகமாகக் குறையும். கூட்டுவதற்குப் பதிலாக, பெட்டியோடு வந்த இறப்பர் முனைகளில் உங்கள் காதுக்குச் சரியாக இறுகும் அளவைப் போட்டுப் பாருங்கள். மூன்று அளவு தந்திருப்பார்கள். பலர் முதலில் மாட்டியிருந்ததோடே காலத்தை ஓட்டுகிறார்கள்.

கதிர்வீச்சைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இந்தப் பத்து மீட்டர் வகைப் புளூடூத் வெளியிடும் சக்தி வழமையாக 2.5 மில்லிவாட்டுக்குள் அடங்கும். போன் கோபுரத்தோடு கதைக்கும்போது விடுவது அதைவிடப் பல மடங்கு, கவரேஜ் குறைந்த இடத்தில் இன்னும் கூட.

கடைசியாக, எங்கள் பக்கத்தில் பலருக்கு உதவக்கூடிய, ஆனால் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு அமைப்பு. ஷெல் சத்தத்தில் ஒரு காது கேட்காமல் போனவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். பாட்டுகளில் சில வாத்தியங்கள் இடப்பக்கம் மட்டும் வரும், சிலது வலப்பக்கம் மட்டும். ஒரு காதால் கேட்கிறவருக்குப் பாட்டில் பாதி போய்விடும். போனில் செற்றிங்ஸுக்குள் "அணுகல்தன்மை" என்று ஒன்று இருக்கும், ஆங்கிலத்தில் "அக்சஸிபிலிற்றி". அதற்குள் ஒலி பற்றிய பகுதியில் "மோனோ ஓடியோ"வை ஒன் செய்யுங்கள். இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றாகக் கலந்து வரும். அன்ட்ரொய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது, காசில்லை. அதோடு இடம், வலம் எவ்வளவு என்று கூட்டிக் குறைக்கும் ஒரு கோடும் பக்கத்தில் இருக்கும். அதை நடுவில் விடுங்கள்.

எங்கள் மாமாவுக்கு இடது காது கேட்காது. இதை ஒன் செய்து கொடுத்த அன்று ஒரு பழைய பாட்டை மூன்று தரம் போட்டுக் கேட்டார். "இதுக்குள்ள புல்லாங்குழல் இருக்குதெண்டு இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது." இப்போது வலப்பக்க இயர்பட் மட்டும் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறார். இடப்பக்கம் பெட்டிக்குள் புத்தம் புதிதாகக் கிடக்கிறது. அதை விற்கலாமா என்று போன கிழமை கேட்டார். இரண்டும் ஒரு சோடி, தனியாக வாங்கினவனுக்கு உதவாது என்று சொல்லி விளங்கப்படுத்தி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.